துணியிலிருந்து வந்த சொல்

சட்டையைத் தலைவழியாக மாட்டப்போன கையைப் பிள்ளை தட்டிவிட்டது. தட்டிவிட்டதுகூடப் பெரிதில்லை, நாலு வயதுப் பிள்ளை எதைத்தான் தட்டாது? தட்டிவிட்டுச் சொன்ன வார்த்தைதான் அனுசுயாவின் நெஞ்சில் மிளகாய்த்தூளை அப்பியது.

“நீ போடாத. நானே க்ளே.”

“என்னடி க்ளே? வாயத் தொறந்து தமிழ்ல சொல்லு.”

“க்ளேன்னா க்ளே. உனக்குத் தெரியாது. தேஜுக்காவுக்குத்தான் தெரியும்.”

சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ராஜபாண்டி நீலம் பாய்ந்த விரல்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அடியே, ஒம் மக வெள்ளக்காரியா ஆயிட்டா. நாளைக்கு நீ களி கிண்டிப் போட்டா ரொட்டி கேப்பா பாரு.”

“சிரிய்யா, நல்லாச் சிரி. பெத்த வயித்துக்குத்தான எரியும்.”

பிள்ளை ஜோதிகா அதற்குள் சட்டையைப் பின்புறம் முன்னாக மாட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டியில் மோவாயை இடித்தபடி நின்றது. திருப்பிப் போடலாம் என்று அனுசுயா கை நீட்டினாள். பிள்ளை பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கோணல் மாணலாக இருந்தாலும் அது தன் வேலை, நீ தொடாதே என்கிற பார்வை. அந்தப் பார்வையோடுதான் அவள் அன்றைக்குக் கம்பெனிக்குப் போனாள், இடுப்பில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் மாரப்பன் நடத்திய பனியன் கம்பெனியில் அனுசுயா சாம்பிள் டெய்லர். ஆர்டர் கையெழுத்தாவதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரன் தொட்டுப் பார்ப்பதற்கென்று தைக்கிற முதல் உருப்படிகள் அவள் கையில்தான் பிறக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கரட்டுக்காட்டில் கல் பொறுக்கிய கை. திருப்பூருக்கு வந்து, துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாக நின்று, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, திட்டும் குட்டும் வாங்கி இந்த இடத்துக்கு வந்திருந்தாள். வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை.

பிள்ளையை வழக்கமாக அவர்கள் குடியிருந்த காம்பவுண்டில் அடுத்த அறைக்காரி பூவாத்தாள் பார்த்துக்கொள்வாள். சில வாரங்களுக்கு முன்னால் அந்தம்மா மகளின் பிரசவத்துக்குத் தாராபுரம் போய் உட்கார்ந்துகொண்டதில் அனுசுயாவுக்குக் கைகால் ஓடவில்லை. பிள்ளையைக் கூட்டிவந்து சாம்பிள் அறையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கம்பெனிக்குள் குழந்தை என்றால் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தலையை வாங்கிவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். என்ன செய்ய, தெருவிலா விட முடியும்?

கண்டுபிடித்தது தேஜஸ்ரீ. மாரப்பனின் ஒரே மகள். கோயமுத்தூரில் துணிப் படிப்புப் படித்துவிட்டு வந்து, அப்பாவின் கம்பெனியிலேயே வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர்.

“ஏனுங்க்கா, இது ஆரு?”

அனுசுயா வசவுக்குக் காதைக் கொடுத்து நின்றாள். வசவு வரவில்லை. தேஜஸ்ரீ கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துப் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்தாள். பிறகு குதித்தாள்.

“அக்கா, தொண்ணூத்தெட்டு! அளவெடுத்துச் செஞ்சாப்புல அப்படியே தொண்ணூத்தெட்டு சைஸுங்க!”

விஷயம் இதுதான். சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் குழந்தைகளின் டீசர்ட் ஆர்டர் பேச்சில் இருந்தது. அந்த ஊரில் பிள்ளைகளின் துணிக்கு வயதுக் கணக்கில்லை, உயரக் கணக்கு. தலையிலிருந்து கால்வரை தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர் உள்ள பிள்ளைக்குத் தொண்ணூற்றெட்டாம் சைஸ். அதோடு இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்கள்: பெரியவர்கள் கைபடாமல் பிள்ளை தானாகவே போட்டுக்கொள்ள முடிகிற துணியாக இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஆர்டர் இல்லை. பொம்மையில் மாட்டிக் காட்டினால் செல்லாது; பொம்மை தானாகப் போட்டுக்கொள்ளாதே.

ஆக, ஒளித்து வைத்த பிள்ளை சாம்பிள் அறையின் ராணியானாள்.

முதலில் அனுசுயாவுக்குப் பெருமைதான். காம்பவுண்டு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பெருமை எப்போது திரிந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பால் திரிகிற மாதிரிதான். பார்த்துக்கொண்டே இருந்தால் திரியாது. அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பினால் திரிந்திருக்கும்.

சுவீடன் கம்பெனியிலிருந்து உல்லா என்கிற அம்மாள் முதல் தரம் பார்க்க வந்திருந்தாள். ஆள் பனைமரம். ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலை. சம்மணம் போட வராமல் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சட்டையைப் பிள்ளையின் முன்னால் விரித்து வைத்து, “க்ளே போ தெய்” என்றாள். பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. அந்த அம்மாள் ஊருக்குப் போய்விட்டாள், வார்த்தை போகவில்லை. தேஜஸ்ரீயும் பிள்ளையும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தினமும் புதுச் சாம்பிள் வந்ததும் தேஜஸ்ரீ தரையில் உட்கார்ந்து, தன் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து நசுக்கிக்கொள்வாள், தப்பித்தவறி உதவிவிடக் கூடாதென்று. “க்ளே போ தெய்!” என்பாள். பிள்ளை சட்டைக்குள் தலையை விட்டு முட்டும், மோதும், சுற்றும், கடைசியில் கோழிக்குஞ்சு மாதிரித் தலையை வெளியே நீட்டும். இரண்டு பேரும் கை தட்டிக் கொள்வார்கள்.

ஓவர்லாக்கின் இரைச்சலையும் மீறி அந்தக் கைதட்டல் மட்டும் அனுசுயாவின் காதுக்கு வந்துவிடும். ஊசிக்கு அடியில் போகும் துணியைப் பார்ப்பாளா, அங்கே பார்ப்பாளா?

ஒருநாள் டீ நேரத்தில் அவள் கேட்டேவிட்டாள்.

“மேடம், அது என்ன வார்த்த? வீட்டுலயும் அதையே பேசிக்கிட்டுத் திரியுது.”

“அதுங்களாக்கா!” தேஜஸ்ரீக்கு முகம் மலர்ந்தது. “துணியைப் போட்டுக்கோன்னு அர்த்தமுங்க. நானும் உல்லா மேடத்துகிட்ட நோண்டி நோண்டிக் கேட்டேன். அவிய ஊர்ல துணிக்கு ‘க்ளேதெ’ம்பாங்களாமா. அந்தத் துணியில இருந்துதான் உடுத்தறதுங்கற வார்த்தையே மொளைச்சுதாமா. அந்தக் காலத்துல ‘க்ளேதா’ன்னு முழுசாச் சொல்லீட்டு இருந்திருக்காங்க. பேசிப் பேசி வாலு தேஞ்சு, இப்ப வெறும் ‘க்ளே’ன்னு நின்னுபோச்சு.”

“சரி, அந்தத் துணிங்கிற வார்த்த எங்கிட்டிருந்து வந்துச்சாம்?”

“அது அவியளுக்கே சரியாத் தெரியலீங்களாமா. ரொம்பப் பழசுங்களாமா. நம்ம தமிழ்ல பாருங்க, உடுத்தறதுல இருந்து உடைன்னு வந்துச்சு. அவியளுக்குத் தலைகீழு. துணி மொதல்ல, உடுத்தறது அப்பறம். அந்தக் குளுருக்குத் துணியில்லீன்னா உசுரு இல்லீங்களே. பால்வாடியில ஒரு டீச்சருக்கு அத்தனை கொழந்தைங்க. ஆருக்குன்னு மாட்டி உடறது? காலங்காத்தால கொழந்தைங்க காதுல உளுகற வார்த்தையே இதுதானாமா.”

அனுசுயா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் உடுத்துவது ஒற்றை ஆள் வேலை இல்லை. பிறந்த பிள்ளைக்கு நீண்ட ஆயுசுக்காரர் கட்டின பழந்துணியை யாரோ சுற்ற வேண்டும். சமைந்தால் தாய்மாமன் கொண்டுவந்த சேலையை அத்தைமார் கட்டிவிட வேண்டும். தாலி ஏறுகிற அன்றைக்கு நாத்தனார் கொசுவம் வைக்க வேண்டும். செத்தால் கோடித்துணியை நாலு பேர் தூக்கிப் பிடித்துப் போர்த்த வேண்டும். மனுஷ உடம்பில் துணி ஏறுவதென்றால் பக்கத்தில் இன்னொரு கை இருக்கும். இந்தச் சுவீடன் வார்த்தைக்குள் துணி இருக்கிறது, இன்னொரு கை இல்லை. துணி கிடைத்தால் போதும், தாய் தேவையில்லை என்று சொல்கிற வார்த்தை. அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

“அப்ப அந்த ஊர்ல ஆத்தான்னு ஒருத்தி எதுக்காம்?” என்றாள்.

“தொவைச்சுப் போடறதுக்குங்க்கா!” என்று தேஜஸ்ரீ சிரித்தாள்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். அனுசுயாவும் சிரித்துத்தான் வைத்தாள். ஆனால் மிச்ச டீயைக் குடிக்காமல் வாஷ்பேசினில் கொட்டிவிட்டாள். துவைத்துப் போடுவதற்கு!

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் குத்தியது. மத்தியானம் பிள்ளை அவள் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, தேஜஸ்ரீயின் எலுமிச்சம்பழச் சோற்றுக்கு ஓடியது. தேஜஸ்ரீ இரட்டைப் பின்னல் போட்டுவிட்டால் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அனுசுயா சீப்பெடுத்தால் தலையை ஆட்டியது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால், “தேஜுக்கா இல்லாத நாளு எதுக்கு வருது?” என்று அழுதது. ஒருநாள் மடியில் இழுத்து அணைத்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, “உம் மேல மெசின் எண்ணெ நாறுது. தேஜுக்கா மேல பூ வாசம்” என்றது. அன்றைக்கு அனுசுயா தோல் சிவக்கச் சிவக்கக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எண்ணெய் வாசம் போனது. மனசுக்குள் இருந்த நாற்றம் எந்தச் சோப்புக்குப் போகும்?

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றவும் ஆள் இருந்தது. செக்கிங்கில் நிற்கிற செல்லாத்தாள் உள்ளூர்க்காரி. வாயில் வெற்றிலையும் வம்பும் எப்போதும் இருக்கும்.

“ஏனாயா அனுசுயா, புள்ளை ஆருதுன்னே தெரியலையே! பெத்தது நீயி, வளத்தறது மொதலாளி ஊட்டு அம்மிணி. அம்மிணிக்கு நாளைக்குக் கண்ணாலம் ஆச்சுன்னா சீர்வரிசையோட சேத்து உம்புள்ளையவும் ஏத்தி உட்ருவாங்களாட்ட இருக்குது.”

“ஏத்திவிடட்டும். எனக்கு ஒரு வயித்துச் சோறு மிச்சம்” என்றாள் அனுசுயா. பேச்சில் தோற்கிற சாதி இல்லை அவள். ஆனால் மெஷினில் உட்கார்ந்ததும் ஊசியை ஒடித்தாள். பிறகு இன்னொன்றை ஒடித்தாள்.

உல்லா இரண்டாம் தரம் வருகிற நாளும் வந்தது. இந்தத் தரம் பிள்ளை அவள் முன்னால் சட்டையைப் போட்டுக்காட்டிவிட்டால் சாம்பிளுக்குச் சீல் குத்திவிடுவாள், ஆர்டர் உறுதி. முந்தின நாள் மத்தியானம் தேஜஸ்ரீ கடைசிச் சாம்பிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கழுத்து கொஞ்சம் அலையறாப்புல இருக்குதுங்க்கா. ரிப்பை அரை சென்டி கொறைச்சுக்கலாங்களா?”

“கொறைச்சுருவோம் மேடம்.”

“தலை உள்ள போயிருமுங்களா?”

“அரை சென்டில என்ன ஆகப்போகுது? போகும் போகும்.”

சத்தியமாக அரை சென்டியில் ஒன்றும் ஆகாது. கழுத்தில் வைக்கிற ரிப் துணி ரப்பர் மாதிரி. ஓவர்லாக் தையலும் இழுத்த இழுப்புக்குக் கொடுக்கும். அனுசுயா அரை சென்டி குறைத்துக் கழுத்தை வைத்துத் தைத்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நூல் கத்தரிக்கப் போனவள் நிமிர்ந்தபோது, பிள்ளை தேஜஸ்ரீயின் முதுகில் உப்புமூட்டை ஏறிக்கொண்டு வராந்தாவில் போவது தெரிந்தது. பிள்ளையின் கன்னம் அந்தப் பெண்ணின் தோளில் கிடந்தது. தூங்குகிற பிள்ளை தாயின் தோளில் போடுகிற மாதிரி.

அவள் சட்டையை எடுத்துக்கொண்டு சிங்கர் மெஷினுக்கு மாறி உட்கார்ந்தாள். சிங்கர் தையல் பாவாடைக்கும் காலருக்கும் சரி; இழுபடாது. அதனால்தான் பனியன் கழுத்தில் அதைச் சுற்றிலும் ஓட்டுவதே இல்லை. பழகாத கைமடிப் பெண்ணுக்குக்கூட இது தெரியும். அனுசுயா நூலை இறுக்கிவிட்டு, ரிப்பின் உள்பக்க மடிப்பை ஒட்டி, கழுத்தைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஒரு தையல் விட்டாள். துணியும் வெள்ளை, நூலும் வெள்ளை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அயர்ன் போட்டு மடித்து வைத்தாள்.

அவள் நினைத்தது பெரிதாக ஒன்றுமில்லை. தலை உள்ளே போகாது. பிள்ளைக்கு முட்டும். முட்டினால் எந்தப் பிள்ளையும் என்ன செய்யும்? ‘அம்மா’ என்று அலறும். பூ வாசத்தையா கூப்பிடும்? அந்த ஒரு கூப்பாடு போதும் அவளுக்கு. எல்லார் முன்னாலும், அந்தப் பனைமரத்துக்காரிக்கு முன்னாலும் போய்ச் சட்டையை உருவிவிட்டு, “இங்க வாடி தங்கம்” என்று தூக்கிக்கொள்வாள். அவ்வளவுதான். ஆர்டரைப் பற்றியோ, அது போனால் எத்தனை டேபிள் சும்மா கிடக்கும் என்றோ அவள் யோசிக்கவே இல்லை. பொறாமைக்கு அடுத்த தெரு தெரியாது.

மறுநாள் காலையில் சாம்பிள் அறையில் ஜமுக்காளம் விரித்தார்கள். உல்லா சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மாரப்பன் வெள்ளை வேட்டி சட்டையோடு கைகட்டி நின்றார். கம்பெனி வைத்து இத்தனை வருஷமாகியும் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் அவருக்கு நிற்கத்தான் வரும். தேஜஸ்ரீ வழக்கம்போலக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். அனுசுயா தன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள், கழுத்தில் கயிற்றில் தொங்குகிற, நூல் வெட்டுகிற டிரிம்மரோடு. வாசலில் செல்லாத்தாள்.

“க்ளே போ தெய்” என்றாள் உல்லா.

பிள்ளை பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு சட்டையை எடுத்தது. விரித்தது. லேபிள் எந்தப் பக்கம் என்று பார்த்தது. தேஜஸ்ரீ சொல்லிக்கொடுத்த பாடம். சட்டைக்குள் தலையை விட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கியது.

உச்சந்தலை மட்டும் கழுத்தில் தெரிந்தது. அதற்குமேல் வரவில்லை.

எல்லார் முகத்திலும் சிரிப்பு. பிள்ளை இப்படித்தான் கொஞ்சம் முட்டும், பிறகு வரும். பிள்ளை துணியை இழுத்தது. மூக்குவரை வந்து கழுத்து கவ்விக்கொண்டது. உள்ளேயிருந்து ‘ம்ம்’ என்று முக்குகிற சத்தம்.

அனுசுயா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இதோ இப்போது. இதோ.

கூப்பாடு வரவில்லை. அம்மா என்றும் வரவில்லை, அக்கா என்றும் வரவில்லை. பிள்ளை யாரையும் கூப்பிடவில்லை. கை இரண்டும் மேலே மாட்டிக்கொள்ள, ஜமுக்காளத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. முழங்கால் மேஜைக் காலில் இடித்தது. அப்போதும் அழவில்லை. வாய் இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணி உள்ளே இழுத்துக்கொண்டது, வெளியே வந்தது, உள்ளே இழுத்துக்கொண்டது.

தேஜஸ்ரீ கையை எடுக்கலாமா கூடாதா என்று உல்லாவைப் பார்த்தாள். உல்லா எழுந்திருக்கத் தரையில் கையூன்றினாள். அதற்குள் அனுசுயா பாய்ந்துவிட்டாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையின் பிடரிக்கும் துணிக்கும் நடுவில் விரலைக் கொடுத்து, டிரிம்மரால் கழுத்தை வெட்டினாள். நூல் பட்டென்று தெறித்தது. துணி கிழிந்து முகம் வந்தது. வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்து, வேர்த்து, முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு.

“தங்கம், அம்மா வந்துட்டேன்டி!”

பிள்ளை மூச்சை இழுத்துவிட்டு அவள் முகத்தில் பளாரென்று ஒன்று வைத்தது.

“நானே போட்டுக்கிட்டு இருந்தேன்ல! எதுக்கு வெட்டுன? போ! நீ போ!”

பிறகுதான் அழுதது. பயத்தில் அழுகிற அழுகை இல்லை அது. கையிலிருந்ததைப் பிடுங்கிவிட்டால் அழுகிற அழுகை.

மாரப்பனின் முகம் கறுத்துவிட்டது. சட்டையின் கிழிந்த கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“என்ன அம்மிணி இது? இத்தனை பேருக்கு முன்னால மானத்தை வாங்கறே! அளவுல கை வெக்கச் சொல்லி ஆரு சொன்னா?”

“நாந்தானுங்ப்பா… கழுத்து அலையுதுன்னு அரை சென்டி கொறைக்கச் சொன்னேன்…”

“அவிய அனுப்புன அளவை மாத்தறதுக்கு நீ பெரிய இவளா? இதுக்குத்தான் கோயமுத்தூருக்கு அனுப்பிப் படிக்க வெச்சனா? நம்மூரு கணியூர்ல காட்டைப் பாத்துட்டு இருந்திருந்தாக்கூட இந்தக் கேவலம் இல்லை!”

உல்லாவுக்குத் தமிழ் தெரியாது. தொனிக்கு எந்த பாஷையும் வேண்டாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேஜஸ்ரீயின் உதடு கோணியது. யாரையும் பார்க்காமல் எழுந்து, வராந்தா கடைசியில் இருந்த பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “தேஜுக்கா!” என்று பின்னாலேயே ஓடிய பிள்ளையைச் செல்லாத்தாள் வாசலில் மடக்கிப் பிடித்தாள்.

அனுசுயா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. அந்தப் பெண் பத்துப் பேர் முன்னால் வசவு வாங்கியபோது இவளுக்கு உள்ளுக்குள் ஒரு கணம் வெல்லக்கட்டியாக இனித்தது. அந்த இனிப்பு நாக்கில் நிற்பதற்குள், பிள்ளை செல்லாத்தாளின் பிடியில் திமிறிக்கொண்டு பாத்ரூம் பக்கமே பார்த்து அழுவதைப் பார்த்தாள். கன்னத்தில் விழுந்த அறை இப்போதுதான் எரிந்தது. வசவு வாங்கியவள் பின்னால் ஓடுகிறது பிள்ளை. உயிரைக் காப்பாற்றியவளை அடிக்கிறது. காப்பாற்றியவள்! அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே கூசியது.

உல்லா சட்டையை எடுத்து மடியில் வைத்துக் கழுத்தை உள்பக்கம் திருப்பினாள். துண்டான சிங்கர் நூல் நுனியை நகத்தால் கிள்ளி இழுத்தாள். சர்ரென்று வந்தது. விரலில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து அனுசுயாவைப் பார்த்தாள். கோபமா, சந்தேகமா, வெறும் களைப்பா, கண்டுபிடிக்க முடியாத நீலக் கண். பிறகு நூலை உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மாரப்பனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

“ஏம்மா அனுசுயா,” மாரப்பனின் குரல் இறங்கியிருந்தது. “அவிய அனுப்புன பழைய அளவுலயே இன்னொண்ணு தெச்சுக் காட்டச் சொல்லுது அந்தம்மா. ஒரு டீ குடிச்சுட்டு வரும். அதுக்குள்ளார முடியுமா?”

“முடியும் மொதலாளி.”

வெட்டி வைத்த துணி இருந்தது. அவள் ஓவர்லாக்கில் உட்கார்ந்தாள். கை தானாக ஓடியது. தோள், கை, பக்கம். கழுத்துக்கு வந்ததும் ரிப்பை மூன்று தரம் அளந்தாள். தைத்து முடித்ததும் தன் சேலையை ஒதுக்கி, முழங்காலை மடக்கி, சட்டைக் கழுத்தை முழங்கால்மேல் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். மெலிந்த பெண்ணின் மடக்கிய முழங்கால் சின்னப் பிள்ளையின் தலையளவு இருக்கும்; சாம்பிள் டெய்லர்கள் பார்க்கிற பார்வை இது. வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தரம்.

பிள்ளை மறுபடியும் போட ஒத்துக்கொள்ளுமா என்று மாரப்பனுக்குக் கவலை. கவலையே வேண்டியிருக்கவில்லை. புதுச் சட்டையைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜமுக்காளத்துக்கு நடுவில் வந்து நின்றது.

“யாரும் வெட்டக் கூடாது,” என்றது, தாயைப் பார்த்து.

“வெட்டல.”

“தொடவுங் கூடாது.”

“தொடல, போ.”

தேஜஸ்ரீ இன்னும் வரவில்லை. வராந்தா கடைசியில் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தேஜஸ்ரீ எப்போதும் உட்காருகிற இடம் ஜமுக்காளத்தில் காலியாகக் கிடந்தது, பிள்ளைக்கு நேர் எதிரே. அனுசுயா அந்த இடத்தைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே போய் அதில் உட்கார்ந்துகொண்டாள். தலை வெளியே வரும்போது முதலில் தெரிகிற முகம் தன்னுடையதாக இருக்கட்டும்.

உல்லா சொன்னாள். பிள்ளை சட்டைக்குள் புகுந்தது. வெள்ளைத் துணிக்குள் தலை புடைத்து நகர்ந்தது. கழுத்து விரிந்தது, முடி வந்தது, நெற்றி வந்தது, இறுக மூடிய கண் வந்தது, மூக்கு வந்தது. முழு முகமும் வந்துவிட்டது. கை இரண்டும் தேடித் தேடித் தம் வழியைக் கண்டுபிடித்து வெளியே வந்தன. மாரப்பன் “அப்பா முருகா” என்றார். உல்லா எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தது.

எதிரே அனுசுயா இருந்தாள். பார்வை அவள் முகத்தில் பட்டது, நிற்கவில்லை. தாண்டிப் போனது. வலது பக்கம் போனது, வாசலுக்குப் போனது, செல்லாத்தாளைத் தொட்டது, வராந்தாவைத் துழாவியது. தேடினது கிடைக்கவில்லை. பிறகுதான் திரும்பி வந்து தாயிடம் நின்றது.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன்டி.”

கிடைத்தது மிச்சம்தான் என்று அனுசுயாவுக்குத் தெரியும். மிச்சத்தை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத பிறவி, வாங்கிக்கொண்டாள்.

“நல்லாப் போட்டேனா?”

“நல்லாப் போட்ட.”

“தேஜுக்கா பாக்கலியே,” என்றது பிள்ளை. அதன் கண் மறுபடியும் வாசலுக்குப் போனது. “கழட்டிட்டு இன்னொருக்காப் போடட்டா?”

அக்கா ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லலாம். அக்காவுக்கு உன்மேல் கோபம் என்றுகூடச் சொல்லலாம், பிள்ளை நம்பும். அனுசுயாவின் நாக்கு நுனிவரை அது வந்தது. பிள்ளை சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி, எடுப்பதா வேண்டாமா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

“இரு. கழட்டாத,” என்றாள்.

நல்ல மனசு வந்து எழுந்திருக்கவில்லை அவள். அந்தக் கண் வாசலுக்குப் போய்விட்டுப் போய்விட்டு வெறும் கையோடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடேயே வராந்தாவில் நடந்தாள். செல்லாத்தாள் ஏதோ கேட்டாள், காதில் வாங்கவில்லை. பாத்ரூம் கதவுக்கு முன்னால் நின்று, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரல் கணுவால் தட்டினாள்.

“மேடம், வெளிய வாங்க. பிள்ள உங்களுக்குக் காட்டணுமாம்.”

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.